கார்டில் நான்காவது பெயர்

எங்கள் வீட்டில் மூன்று பேர். ரேஷன் கார்டில் நான்கு பேர். நான்காவது பெயருக்கு உரியவள் எங்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. அதை வாயைத் திறந்து சொன்னவள் நான்தான். கேட்டவர்களிடம் உண்மையைத்தானே சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சமாதானம் எடுபடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். எதிர் வீடு மதுரை, பின் வரிசையில் சேலம், தண்ணீர்க் குழாயடியில் எல்லா ஊர்ச் சண்டையும் கேட்கும். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் துவைகல். நான் ஒரே பிள்ளை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சொன்னதற்காக அவள் மேலும் கோபப்படுவேன்.

எங்கள் பெண்கள் பள்ளியில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுதான் இருந்தது, பூப்பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளி நூலில் செய்த சின்னப் பந்து, கையை வலிக்க வைக்கும் மட்டை. ஐந்து பேரில் நடுவில் நிற்பவள்தான் சென்டர். முன்னால் விழுவதையும் அவள்தான் எடுக்க வேண்டும், பின்னால் போவதையும் அவள்தான் துரத்த வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் சென்டர். பத்தாம் வகுப்பில் கேப்டன். படிப்பில் நான் சுமார்தான். மைதானத்தில் மட்டும் பத்துப் பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அது எனக்குத் தேவையாக இருந்தது.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம் மண்டலப் போட்டி பூந்தமல்லியில் நடந்தது. மாங்காட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றுடன் அரையிறுதி. அந்தப் பள்ளியில் நாலு பேர் சும்மா நின்றார்கள், ஒருத்தி மட்டும் ஆடினாள். ஒல்லியான பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, வெறுங்கால். நான் எங்கே அடித்தாலும் அங்கே முன்னதாகவே போய் நின்றிருந்தாள். கடைசியில் நாங்கள்தான் ஜெயித்தோம், அவள் கூட இருந்தவர்கள் புண்ணியத்தில். எங்கள் பி.டி. டீச்சர் அன்று என் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது முழுக்க அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அந்தப் பள்ளியில் அதற்கப்புறம் விளையாட்டே நின்றுபோனது. அங்கே இருந்த பி.டி. மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆடுகளத்தில் புது வகுப்பறை கட்ட ஜல்லி கொட்டிவிட்டார்கள். அவள் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவர். அவருக்கு முந்தின தலைமுறை மாங்காட்டில் அடுத்தவர் வயலில் வேலை செய்த குடும்பம். பத்தாவது முடிந்ததும் பெண்ணை நிறுத்திவிடலாம் என்று அவர் இருந்தார். எங்கள் டீச்சர் பஸ் மாறி மாங்காட்டுக்கே போய் அவரிடம் பேசினார். மாநில அளவில் ஆடி ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் போதும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் டீச்சர் ட்ரெய்னிங் சீட் கிடைக்கும், அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவள் அப்பா யோசித்து, சரி, ரெண்டு வருஷம், அதற்கு மேல் என்னால் ஆகாது என்றாராம். ஆக ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ. அந்த இரண்டு வருடத்துக்குள் அவள் மாநிலப் போட்டிவரை போயாக வேண்டும்.

அதற்கு ஒரு விதி குறுக்கே நின்றது. பெற்றோர் வீடு மாறாமல், வேறு காப்பாளர் வீட்டுக்கும் குடிபோகாமல், பெண் பள்ளியை மட்டும் மாற்றினால், அந்த வருடம் அவள் புதுப் பள்ளிக்காக ஆடக்கூடாது. ஒரு பள்ளியில் தயாரான ஆட்டக்காரியை இன்னொரு பள்ளி இழுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த விதி. எங்கள் டீச்சர் செய்தது அச்சு அசலாக அதைத்தான். ஒரு வருடம் பொறுத்திருந்தால் ப்ளஸ் டூவில் அவள் நேர்வழியாகவே ஆடியிருக்கலாம். ஆனால் டீச்சருக்குப் பொறுமை கிடையாது. இரண்டு வருடத்தில் ஒன்றை வீணாக்குவதா என்றார். பள்ளிக்கும் கோப்பை வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். குவார்ட்டர்ஸில் யாருடைய கார்டிலாவது அவள் பெயரைச் சேர்த்தால், காப்பாளர் வீட்டில் தங்கிப் படிப்பதாகக் காட்டிவிடலாம் என்றார்.

"பேரை மட்டும் சேருங்க சார். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. ஒரு பொண்ணோட வாழ்க்கை சார்."

அப்பாவுக்கு யாராவது சார் போட்டு உதவி கேட்டால் உச்சி குளிர்ந்துவிடும். உடனே தலையாட்டிவிட்டார். அம்மாதான் சமையலறை வாசலில் நின்றபடி யோசித்தாள்.

"அப்ப சர்க்கரை, அரிசி எல்லாம் நாலு பேருக்கு வருமா?"

"வரும்மா. அங்க அவங்க கார்டுல பேரை எடுத்துட்டுத்தான் இங்க சேப்பாங்க."

அம்மா முகம் தெளிந்தது. ஆனால் உறவு முறை என்ன போடுவது என்று வந்தபோது மறுபடியும் சுருங்கியது. அப்பா, "அண்ணன் மகன்னு போட்டுருவோம்" என்றார், பெண் என்பதைக்கூட மறந்து. அம்மா சட்டென்று சொன்னாள்: "அண்ணன் மகன்னா அவ நம்ம ஆளுல்லா ஆயிருவா? சும்மா உறவுன்னு போடுங்க, போதும்."

டீச்சர் காபியைக் குடித்துவிட்டு, உறவு என்றே குறித்துக்கொண்டு போனார். எனக்கும் அது அப்போது தவறாகப் படவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாங்காட்டுக் கார்டில் அவள் பெயர் நீங்கியது, எங்கள் கார்டில் ஏறியது. அதாவது அவர்கள் வீட்டில் ஒரு ஆளுக்கான சர்க்கரையும் அரிசியும் குறைந்தது, எங்கள் வீட்டில் கூடியது. நாங்கள் ரேஷன் அரிசியில் சோறு வடிப்பதில்லை, இட்லிக்கு மட்டும் போடுவோம். அவர்கள் வீட்டில் அந்த அரிசிதான் சாப்பாடு. முதல் மாதம் அம்மா அவளிடம் அவள் பங்குச் சர்க்கரையைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். இரண்டாம் மாதம் பாதி கொடுத்தாள். மூன்றாம் மாதம் மறந்துவிட்டாள். அவளும் கேட்கவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் செய்ய வேண்டும் என்று அம்மா அதை ஒரு தனி டப்பாவில் சேர்த்து வைக்க ஆரம்பித்தாள்.

அவள் தினமும் மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி வந்து, அங்கே ஆவடி பஸ் பிடித்து, காலைப் பயிற்சிக்கு எனக்கு முன்னால் வந்து நிற்பாள். நான் ஐந்து நிமிட நடையில் இருந்துகொண்டு தினமும் தாமதமாகப் போவேன்.

விசாரணை வந்தால் சமாளிக்க வேண்டும் என்று டீச்சர் அவளை என்னிடம் ஒப்படைத்தார். மாலைப் பயிற்சி முடிந்ததும் நான் அவளை வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பாடம் நடத்துவேன். எங்கள் வரிசை எண், வீட்டு எண், அப்பாவுக்கு எந்த வாரம் என்ன ஷிஃப்ட், தண்ணீர் எப்போது வரும், சாமி படம் எந்தச் சுவரில் இருக்கிறது. அவற்றையெல்லாம் அவள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். பேச்சுதான் வரவில்லை. திருநெல்வேலிக் குடும்பத்துக்கு உறவுக்காரி மெட்ராஸ் பாஷை பேசினால் யார் நம்புவார்கள்?

"எங்க இருக்கேன்னு கேப்பாங்க. இன்னா சொல்லுவ?" என்று அவளுடைய பேச்சிலேயே சீண்டுவேன்.

"நான் இங்கதான் கீறேன்."

"கீறேன் இல்லடி. இருக்கேன்."

"இருக்கேன். நான் இங்கதான் இருக்கேன். எங்க ஊட்ல..."

"வீட்ல."

"வீட்ல. சே, இன்னாடி இது, நாக்கு சுளுக்கிக்கும் போலக் கீது!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அந்த இரண்டு மாதம் நாங்கள் சிநேகிதிகளாக இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள் ஆட்டம்தான் பிடிக்கவில்லை.

ஆடிமாதக் காற்றில் பந்து எந்தப் பக்கம் போகும் என்றே தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும். டீச்சர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நீ ரைட் பேக் போ, அவ சென்டர்ல ஆடட்டும்" என்றார். நான் சரி டீச்சர் என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அம்மா காரணம் கேட்டாள், தலைவலி என்றேன்.

அந்த வருட மண்டல இறுதி ஆட்டம் அம்பத்தூரில். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து மூன்றாவது ஆட்டம் வந்தது. நான் தொடர்ந்து இரண்டு பந்துகளை வலையில் அடித்தேன். டீச்சர் என்னை வெளியே கூப்பிட்டுவிட்டுப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை உள்ளே அனுப்பினார். கேப்டன் வெளியே உட்கார்ந்திருக்க, அணி ஜெயித்தது. எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். யாரோ அவளுக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அவள் அதைக் குடிக்காமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீ குடிடி. உனுக்குத்தான் மூஞ்சி வாடிக் கீது."

நான் வாங்கிக் குடித்தேன். அவள் கேலி செய்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அந்த சோடாவை நான் மன்னிக்கவே இல்லை.

அடுத்தது மாவட்டப் போட்டி. அதில் ஜெயித்தால் மாநிலத்துக்கு இன்னும் ஒரு படிதான். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் மாலையில் மழை பிடித்துக்கொண்டது. பாடம் நடத்த வீட்டுக்கு வந்திருந்தவள் கிளம்ப முடியாமல் கதவோரம் நின்றிருந்தாள். பருத்திப்பட்டுப் பக்கம் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது, பூந்தமல்லி பஸ் போவது சந்தேகம் என்று எதிர் வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டாள். "ஆன்ட்டி, இன்னிக்கி ஒரு நாளு இங்கயே இருந்துக்கட்டா? அப்பாகிட்ட வரும்போதே சொல்லிட்டுத்தான் வந்தேன், மழை வந்தா வரமாட்டேன்னு."

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு ஹாலைப் பார்த்தாள். "இடம் எங்கம்மா இருக்கு? அவருக்கு நைட் ஷிஃப்ட் இல்ல, வீட்டுலதான் இருப்பாரு. வயசுப்பிள்ளை, உங்க வீட்டுல தேடுவாவ. இந்தா, குடையைக் கொண்டு போ."

ஹாலில் இடம் இருந்தது. போன மாதம் ஊரிலிருந்து வந்த சித்தியும் அவள் இரண்டு பெண்களும் அந்த ஹாலில்தான் ஒரு வாரம் படுத்திருந்தார்கள். அம்மா எதற்காக அவளை அனுப்பினாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் குடையை வாங்கிக்கொண்டு, "பரவால்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை எனக்கு முன்னால் மைதானத்தில் நின்றிருந்தாள், குடையைக் காயவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

அம்பத்தூரில் எங்களிடம் தோற்ற பள்ளிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவள் மாங்காட்டில் குடியிருக்கிறாள், கார்டு பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலை விசாரிக்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. டீச்சர் பதறிப்போய் அவளை விடியற்காலையிலேயே வரவழைத்து எங்கள் வீட்டில் விட்டார். பள்ளிச் சீருடையில் இருந்தால் வந்து போகிறவள் மாதிரி தெரியும் என்று அம்மா என்னுடைய பாவாடை தாவணி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நீலத் தாவணி, பொங்கலுக்கு எடுத்தது. நான் இரண்டு தடவைதான் கட்டியிருந்தேன். அதைக் கட்டிக்கொண்டு அவள் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். பார்க்கிறவர்கள் அவளைத்தான் அந்த வீட்டுப் பெண் என்பார்கள். நான் கசங்கிய சட்டைப் பாவாடையுடன் சுவரோரம் நின்றிருந்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். அதிகாரி வயதானவர், சாந்தமான முகம். கூட இரண்டு பள்ளி ஆசிரியர்கள். அப்பா நாற்காலி போட்டார், அம்மா காபி கொடுத்தாள். கார்டைப் பார்த்தார்கள். அவளைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். வீட்டு எண் சொன்னாள். அப்பாவின் ஷிஃப்ட் சொன்னாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் சொன்னாள், கோடையில் அது மாறும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அது எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் செல்லப் பெயர் சொன்னாள். "வீட்ல" என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள். ஒரு "கீது" கூட வரவில்லை.

அம்மா பூரித்துப் போய் அவளைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து அம்மா அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. என் இடம், என் தாவணி, இப்போது இதுவுமா என்று எனக்குள் ஏதோ பொங்கி வந்தது. பதினாறு வயதில் வயிற்றெரிச்சல் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது பட்டவர்களுக்குத்தான் புரியும். ஆனால் வயதைச் சொல்லித் தப்பிக்க நான் இதை எழுதவில்லை.

விசாரணை முடிந்துவிட்டது. அதிகாரி எழுந்து செருப்பைத் தேடினார். போகிற போக்கில், என்னிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்ற மரியாதைக்காக, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பொண்ணுங்க, ஒரு சின்ன வீடு. ரெண்டு பேரும் எங்கம்மா படுத்துக்கறீங்க?"

ஹால்ல சார். இரண்டு சொல். அதைச் சொல்லியிருந்தால் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருப்பார்.

"நான் ஹால்ல சார். அவ இங்க படுத்ததே இல்ல. மழை பேஞ்ச அன்னைக்குக்கூட அம்மா அனுப்பிட்டாங்க."

அவள் படுத்ததில்லை என்றதைக்கூட விட்டுவிடலாம். அந்த மழையை எதற்காக இழுத்தேன்? அவளை மழையில் அனுப்பியது நாங்கள் செய்த கொடுமை. அதையே அவளுக்கு எதிராக சாட்சியாக்கினேன். இன்றுவரை நான் நினைத்து நினைத்துக் கூசுவது அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான்.

அப்பா, "சின்னப்பிள்ளை சார், ஏதோ உளறுது" என்று ஆரம்பித்தார். அதிகாரி யாரையும் அதட்டவில்லை. அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் மேல் ஒரு குற்றமும் சொல்லாமல் அவரிடம் திரும்பினாள்.

"ஆமா சார். நான் மாங்காட்லதான் கீறேன். எங்க ஊட்லதான் கீறேன். இவங்க மேல தப்பில்ல சார், எனக்கோசரம்தான் செஞ்சாங்க."

நான் இரண்டு மாதம் கற்றுக்கொடுத்த பேச்சை அவள் அப்படியே கழற்றி வைத்துவிட்டாள். பிறகு குளியலறைக்குப் போய்ச் சீருடைக்கு மாறி, என் தாவணியை நான்காக மடித்துத் தையல் மிஷின் மேல் வைத்தாள். அம்மாவிடம் வரேன் ஆன்ட்டி என்றாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. உரித்து வைத்த வெங்காயம் தட்டில் அப்படியே இருந்தது, அன்று அதில்தான் சாம்பார் வைத்தோம்.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. எங்கள் வெற்றி ரத்து. பொய் முகவரி கொடுத்ததற்காக அவள் அந்த வருடமும் அடுத்த வருடமும் எந்தப் பள்ளிக்காகவும் ஆடக்கூடாது. அவளுக்கு இருந்ததே அந்த இரண்டு வருடம்தான். டீச்சர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "தப்பு என்னுது, ஒரு வருஷம் பொறுத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரைப்பரீட்சைக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. நான் மறுபடியும் சென்டர். அடுத்த வருடம் மண்டலத்தில் முதல் சுற்றிலேயே தோற்றோம்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு பெண்ணின் பொறாமைக் கதை என்று இதை விட்டிருக்கலாம்.

மாசி மாதம் போல அவள் அப்பா சைக்கிளில் வந்தார். கேட்டுக்கு வெளியே இறங்கி நின்று கூப்பிட்டார். உள்ளே வாங்க என்று அப்பா சொன்னார், அவர் வரவில்லை.

"சார், பாப்பா பேரை எங்க கார்டுல திரும்ப ஏத்தணும் சார். உங்க கார்டுல எடுத்துட்டோம்னு ஒரு சீட்டு தர்வாங்களாம், அது இருந்தாத்தான் ஏத்துவேன்றாங்க. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பத்தாவதைப் பதியலாம்னு போனா, கார்டுல பொண்ணு பேரே இல்லியேன்றாங்க."

"ஆகட்டும்ப்பா. அடுத்த வாரம் போய் எழுதிக் குடுத்து வாங்கிடறேன்."

அவர் போனதும் அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "விசாரணை அடங்கிக் கிடக்கு. இப்பப் போய் நாமே அந்தப் பேரைக் கிளறினா, எதுக்குச் சேத்தே, எதுக்கு எடுக்குறேன்னு கேப்பான். குவார்ட்டர்ஸுக்கே வேட்டு வந்துரும்."

 அந்த மாத ரேஷனில் அம்மா நான்கு பேருக்கான சர்க்கரை வாங்கிவந்தாள்.

அவர் அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தார். இரண்டாம் தடவையும் அப்பா அடுத்த வாரம் என்றார். மூன்றாம் தடவை அப்பா உள்ளறையிலிருந்தே எனக்குக் கையைக் காட்டினார். நான் கதவைப் பாதி திறந்து, "அப்பா ஷிஃப்ட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன். அப்பாவின் சைக்கிள் அவர் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செரிம்மா. பாப்பா இப்ப எஸ்டேட்ல ஒரு கம்பெனில பேக்கிங் வேலைக்குப் போவுது. உன்னை விசாரிச்சதா சொல்லச் சொல்லிச்சு."

அதிகாரியிடம் உண்மை சொன்ன வாய், இவரிடம் பொய் சொன்னது. உண்மையும் பொய்யும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, அந்தப் பெண்ணுக்கு எது கெடுதலோ அது மட்டும் என் வாயில் சரியாக வந்தது. அவர் பிறகு வரவில்லை.

சில வருடம் கழித்துப் பழைய கார்டுகளை மாற்றிப் புதியது கொடுத்தார்கள். அப்பா விண்ணப்பத்தை ஹாலில் உட்கார்ந்து நிரப்பினார். பழைய கார்டைப் பார்த்து முதல் பெயர், இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர் எழுதினார். நான்காவது பெயருக்கு வந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. அப்புறம் அதையும் எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. ஒன்றை விட்டால் எதற்கு விட்டாய் என்று கேட்பார்களோ என்ற பயம், அவ்வளவுதான். நான் எதிரில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீடு திருமுல்லைவாயிலில், ரயிலில் ஏறினால் உட்காருவதற்குள் இறங்கிவிடலாம். அவர்கள் கார்டில் என் பெயரைச் சேர்க்க, இங்கே நீக்கிய சீட்டு வேண்டும் என்றார் மாமனார். நான் காலையில் வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்துவிட்டார்.

"ஒரு கேள்வி கேக்கல. எழுதிக் குடுத்தேன், அடிச்சுக் குடுத்துட்டான்."

சீட்டை என் கையில் கொடுத்தார். கார்டையும் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். அப்பா பெயர், அம்மா பெயர். மூன்றாவதாக என் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அதற்குக் கீழே அவள் பெயர், ஒரு கீறல் இல்லாமல். இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று கார்டில் இருப்பவள் அவள் ஒருத்திதான்.

அரை நாள் வேலை. ஒரு கேள்வி கேட்கவில்லை. இதற்காகத்தான் அவள் அப்பா மாங்காட்டிலிருந்து மூன்று தடவை சைக்கிள் மிதித்து வந்தார்.

அவள் பேரையும் சேத்து எடுத்திருக்கலாமே அப்பா என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா காபியுடன் வந்தாள்.

"இந்த மாசம் சர்க்கரை நல்லா வெள்ளையா போட்டிருக்கான். உனக்கும் ஒரு டப்பா கட்டி வச்சிருக்கேன், போகும்போது எடுத்துட்டுப் போ."

நான் காபியைக் குடித்தேன். சாயங்காலம் ரயிலேறும்போது ஒரு கையில் என் சீட்டு இருந்தது, இன்னொரு கையில் அந்த டப்பா.